எழுந்தேற்ற மணி

சேசு மரி சூசை

யாழ்ப்பாணம், கரையூர்
1936ம் ஆண்டு ஆவணி மாதம் 22ந் திகதி

என் அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நான் படுக்கையில் விழாமல் என் வேலையை நானே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன், பயப்படாதே. நீயும் மருமகன் செபநாயகமும் பேத்தி லூர்தும் சிரம்பானில் சுகமாய் இருப்பதற்குத் தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்று ஒதுக்கிச் சொல்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கையெழுத்து ஏன் இப்படிச் சாய்ந்து போகிறது? கன்னியர் மடத்தில் உனக்கு நிமிர்ந்த எழுத்துத்தானே பழக்கினார்கள், பார்த்தால் கப்பலில் இருந்து எழுதியது போல் இருக்கிறது. லூர்துவுக்கு இருமல் என்று எழுதியிருக்கிறாய். அங்கே மழை ஓயாத இடம், பிள்ளையை ஈரத் தரையில் வெறுங்காலோடு விடாதே, கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து தேனோடு கொடு, அந்த ஊர் டொக்குத்தரின் சிவப்புத் தண்ணீரை மட்டும் நம்பியிராதே. இங்கே வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் வாளி அடியில் முட்டுகிறது, ஆனாலும் பனம்பழம் நன்றாக விழுகிறது. சாற்றைப் பிழிந்து பாயில் காயவைத்துப் பனாட்டுப் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் மலாயாவுக்குக் கப்பலேறுகிறவர்கள் யாரிடமாவது ஒடியல் மாவோடு சேர்த்துக் கட்டி அனுப்புவேன். மருமகனுக்குப் பனாட்டுப் பிடிக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

நீ கேட்டிருந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மருமகனுடைய றெயில்வே கந்தோரில் அவருக்குச் சேர வேண்டிய நீண்ட லீவை இந்த வருட முடிவில் எடுத்து ஊருக்கு வருவதா, அல்லது பெரிய கிளாக்கர் உத்தியோகம் கைக்கு வரும்வரை இன்னும் சில வருடம் பொறுப்பதா என்று தெரியாமல் இருவரும் தத்தளிப்பதாக எழுதியிருந்தாய். விடியற்காலைப் பூசைக்குப் போய் ஆண்டவரிடம் கேட்கிறேன், ஒரு பதிலும் இல்லை, அவர் எப்படித்தான் அம்மா பேசுவார் என்றும் கேட்டிருந்தாய். முன்பென்றால் என்னுடைய வழக்கமான பதிலை எழுதி ஒட்டி அனுப்பியிருப்பேன், உத்தியோகத்தைப் பாருங்கள், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம், எனக்குக் கோயில் இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது, பாட்டுக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. இந்த முறை பேனாவை எடுத்து அதையே எழுதத் தொடங்கிக் கை நின்றுவிட்டது. அவர் எப்படிப் பேசுவார் என்று நீ அங்கே கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் நானும் இங்கே அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், நீயே வாசித்து உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

நம் கோயில் குருவாய் இருந்த பழைய சுவாமி சித்திரை மாதம் மன்னார்ப் பக்கம் மாற்றமாகிப் போனார். அவருடைய இடத்துக்குப் பிரான்சு தேசத்திலிருந்து வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் சுவாமியை அனுப்பினார்கள். நல்ல பிள்ளை, தமிழில் பேசுவதிலும் பார்க்கச் சிரிப்பதுதான் அதிகம். நம் கோயிலில் ஆர்மோனியம் பெண்கள் பக்கத்துச் சுவரோடு இருப்பதும், நான் அதன் முன் அமர்ந்தால் பீடம் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவதும் உனக்குத் தெரியும். நடுப்பூசையில் பிள்ளைகள் இலத்தீன் பாட்டை முடித்து முழந்தாளிட்டதும் நான் தனியே மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பேன். சுவாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம் வந்ததும் கைமணி அடிப்பார்கள், அந்த மணியோடு நான் கையை எடுத்துவிடுவேன். அதன் பிறகு கோயிலில் ஒரு சத்தமும் இருக்காது, மடியில் இருக்கிற குழந்தை சிணுங்கினாலும் தாய் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். உன் அப்பா உயிரோடு இருந்த காலம் தொட்டு இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. இந்தப் புதிய சுவாமி வந்த பிறகு மணி நின்றுவிட்டது. நான் வாசிக்கிறேன், வாசிக்கிறேன், மணி வரும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் அடுத்த பாட்டுக்கு எழும்பி நிற்கிறார்கள். பிரான்சு தேசத்தில் இதுதான் வழக்கமோ என்று ஒரு ஞாயிறு பொறுத்தேன், அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு மேல் பொறுக்காமல் கோயில் மூப்பர் சிமியோனை வாசலில் மறித்து, எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்காத கோயில் உலகத்தில் எங்கே உண்டு என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, "அடிக்கப் பண்ணிறன் அம்மா, நல்லாய் அடிக்கப் பண்ணிறன்" என்றார். அடுத்த ஞாயிறும் மணி இல்லை. அன்று கோயிலில் யாரோ சிரித்தது போல் பட்டது, பூசை நேரத்தில் திரும்பிப் பார்ப்பது என் வழக்கம் அல்ல, அதனால் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மக்டலீன் வந்தாள். உனக்கு அவளைத் தெரியும், ஆனால் லூர்து வளர்ந்து இந்தக் கடிதத்தை வாசித்தால் அவளுக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். கோயிலில் முதன்முறை அப்பம் பெற்று முதல் நன்மை வாங்கிய அன்று என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவள் அவள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சந்தியோகைக் கலியாணம் செய்து, வள்ளமும் வலையுமாய்க் கடற்கரையிலேயே வாழ்ந்துவிட்டாள். நான் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரின் மனைவியாய் இருந்த காலத்திலும் விதவையாய் இருக்கிற இந்தக் காலத்திலும் சனிக்கிழமை தவறாமல் கடகத்தில் மீன் கொண்டு வந்து, குசினிப் படியில் இருந்து அதை வெட்டித் தந்து, நான் போட்டுக் கொடுக்கிற கோப்பியைக் குறை சொல்லிக்கொண்டே குடித்துவிட்டுப் போவாள். பாட்டு என்பது அவளுக்கும் எனக்கும் நடுவில் உள்ள கடல். சின்ன வயதில் மடத்துச் சிஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, மகளே, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்று சொன்னார். இந்தச் சனிக்கிழமையும் அவள் மீனை வெட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எடி திரேசு, மணி அடிக்கிறவை. ஒவ்வொரு கிழமையும் அடிக்கிறவை. போன ஞாயிறு அடிச்ச அடியிலை மணியின்ரை நாக்குக் கழண்டு விழாதது ஒரு புதுமை. உனக்குத்தான் கேக்கேல்லை" என்றாள். நான் என்ன பேய்க்கதை என்று கேட்டேன். "பேய்க்கதை இல்லையடி. மணி பலமாய் அடிக்கேல்லையெண்டுதான் நீ ஏசினாயெண்டும், சுவாமி சொல்லித்தான் நீ வாசிக்கிறாயெண்டும் மூப்பர் நினைக்கிறார். நீ சுவாமியிட்டை உத்தரவு வாங்கினதெண்டு பெட்டையள் நினைக்கினம். எனக்கு உன்னைத் தெரியும். எழுந்தேற்றத்துக்கு மூச்சுப் பலமாய் விட்டாலே முறைச்சுப் பாக்கிறவள் நீ. உன்ரை காதிலைதான் ஏதோ பிழை" என்றாள்.

எனக்கு உச்சியில் நெருப்புப் பற்றியது. பாட்டில் அரைச் சுரம் இறங்கினால் மூன்றாம் வரிசையில் எந்தப் பிள்ளை இறக்கினாள் என்று சொல்கிறவள் நான், என்னிடம் வந்து காது கேட்கவில்லை என்று சொல்ல இவளுக்கு என்ன தகுதி என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், நீ மீனைப் பற்றிக் கதை, கோயில் பாட்டைப் பற்றி என்னிடம் கதைக்க வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, "சரியடி, மீனைப் பற்றியே கதைக்கிறன். இது விளைமீன். கழுவி வைச்சிருக்கிறன், பூனை பாக்கும், மூடி வை. வாறன்" என்று கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கோப்பி படியிலே ஆறிக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

நான் யாரிடமும் போய்க் கேட்பவள் அல்ல, ஆண்டவரிடமே கேட்பது என்று முடிவு செய்து மாதாவுக்கு நவநாள் தொடங்கினேன். என் காதில் குறை இருந்தால் எனக்குத் தெளிவாய்க் காட்டும், நான் ஆர்மோனியத்தை விட வேண்டும் என்பது உம்முடைய சித்தமானால் ஓர் அடையாளம் தாரும் என்று கேட்டேன். அடையாளம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நானே மனதுக்குள் ஒழுங்கு செய்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன், வேதாகமத்தைத் திறந்தால் ஒரு வசனம், கனவில் ஒரு குரல், பிரசங்கத்தில் எனக்கென்றே சொன்னது போல் ஒரு வார்த்தை. அப்படி ஒன்றும் வரவில்லை. வந்தவை எல்லாம் வீட்டுத் தொந்தரவுகள். கறிக்குத் தாளிக்கக் கடுகு போட்டால் கடுகு வெடிக்கவில்லை, வெடிக்கட்டும் என்று நின்றால் எண்ணெயே கருகிப் புகைகிறது. கடைக்காரன் பழைய கடுகைத் தள்ளிவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பில் ஊற்றுகிற சத்தம் கேட்காமல் மணம் வந்த பிறகே ஓடினேன். பக்கத்து வளவு நாகேஸ்வரி வேலியால் எட்டிப் பார்த்து, "பல்லி சொல்லுது மாமி, எந்தப் பக்கமெண்டு கேட்டனீங்களோ" என்றாள். சைவக்காரருக்குப் பல்லி சொன்ன பக்கம் பலன் உண்டு. எனக்குப் பல்லிச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லி அனுப்பினேனே ஒழிய, பல்லியே எனக்குக் கேட்கவில்லை என்பதை யோசிக்கவில்லை. இரவில் காதருகே ஒன்றும் இரையவில்லை, இந்த வருடம் நுளம்பு குறைவு என்று ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன் மகளே. காலையில் பார்த்தால் கையெல்லாம் தடிப்பு. ஆர்மோனியத்தில் மேல் சுரங்கள் ஊமையாகிவிட்டன, உள்ளே தூசி அடைத்திருக்கிறது, திருத்துகிறவனைக் கூப்பிட வேண்டும் என்று மூப்பரிடம் சொல்லியிருந்தேன். பாடுகிற பிள்ளைகளையோ, வாயைத் திறந்து சொல்லைச் சொல்லுங்கள், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பாடுவது போல் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஏசினேன்.

நவநாள் முடிந்த அன்று மத்தியானம் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவின் மேசை மணி, கச்சேரியில் பியூனைக் கூப்பிடுவதற்கு அவர் வைத்திருந்த சின்னப் பித்தளை மணி, கைக்கு வந்தது. ஒரு யோசனையும் இல்லாமல் ஆட்டினேன். நாக்கு இரண்டு பக்கமும் ஓடி அடிக்கிறது, என் கண் பார்க்கிறது. காதுக்குள் ஒன்றும் இல்லை. காதோடு ஒட்டிப் பிடித்து ஆட்டினேன், பித்தளை கன்னத்தில் குளிர்ந்தது, விரலில் அதன் நடுக்கம் தெரிந்தது, தூரத்தில் யாரோ மரத்தில் தட்டுவது போல் ஒரு மங்கல் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். கடல் இரைவது கேட்கிறது. வண்டி போவது கேட்கிறது. கோயில் பெரிய மணி கேட்கிறது. மனிதர் பேசுவதும் பெரும்பாலும் கேட்கிறது. மெல்லியது, உயர்ந்தது, கூரானது எல்லாம் எப்போது என்னை விட்டுப் போயின என்றே எனக்குத் தெரியவில்லை. கடுகும் பாலும் பல்லியும் நுளம்பும் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் சொன்னவளை நான் படியில் இருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன்.

பரலோக மாதா திருநாளுக்கு ஒரு கிழமையே இருந்தது. ஊர் முழுவதும் வரும் திருநாள், நாலு குரலில் பாட்டுப் பூசை பழக்கி வைத்திருந்தோம். ஆர்மோனியம் தெரிந்தவள் அற்புதராணி ஒருத்திதான், பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவள், கை நல்ல கை, ஆனால் நான் பக்கத்தில் நின்றாலே விரல் நடுங்கும். நான் விட்டால் திருநாள் கெடும், விடாவிட்டால் ஊர் கூடிய இடத்தில் எழுந்தேற்றத்தின் மேல் திரும்பவும் வாசிப்பேன். காலையில் கோயிலுக்குப் போகிற சேலையை உடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். என்னைக் கண்டதும் வலைக்காரப் பெண்கள் எழும்பி நின்றார்கள், மக்டலீன் மட்டும் எழும்பவில்லை, பாயில் கருவாட்டைப் பிரட்டிப் போட்டுக்கொண்டே, "வா. இரு எண்டு சொல்ல இங்கை கதிரை இல்லை" என்றாள். கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தில் இருந்தேன். நீ சொன்னது சரி என்றேன். வழியெல்லாம் நீளமாய் ஒன்றை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான். அவள் எழும்பி என் முதுகுக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் நின்றாள். பிறகு முன்னால் வந்து, "நான் இப்ப என்ன சொன்னனான்" என்று கேட்டாள். நீ ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "நல்லது. கேட்டிருந்தால் இன்னும் மூண்டு சனிக்கிழமைக்குக் கோவிச்சிருப்பாய்" என்றாள். மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நவநாள் வைத்ததையும் அடையாளம் கேட்டதையும் சொன்னேன். "அந்த மனுசன் பாவமடி" என்றாள். ஆண்டவரைத்தான் அப்படிச் சொல்கிறாள், நான் கையைக் காட்டி அடக்கினேன், அவள் அடங்கவில்லை. "நான் குசினிப் படியிலை இருந்து சொல்லேக்கை அவர் வேறை என்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவரெண்டு நினைச்சனீ? ஆள் சரியில்லை, மீன் மணக்குதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருந்தியாக்கும்."

திருநாளுக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. "நான் உன்ரை பக்கத்திலை முழந்தாளிலை இருக்கிறன். மணி அடிக்க, உன்ரை முழங்கையிலை ஒரு இடி. கையை எடு" என்றாள். பாடுகிறவர்களின் இடத்தில் பாடாதவள் எப்படி இருப்பது என்று நான் இழுத்தேன், அந்த நேரத்திலும் எனக்கு ஒழுங்குதான் பெரிதாய் இருந்தது. "சிஸ்டர் சொன்ன மாதிரி வாயை அசைக்கிறன், போதுமே" என்றாள்.

திருநாள் அன்று சந்தனச் சவுக்காரத்தில் குளித்து, மகனின் கலியாணத்துக்கு எடுத்த சேலையை உடுத்துக்கொண்டு வந்து, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தூண் போல் இருந்துகொண்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், நான் முறைத்தேன், அடங்கிவிட்டார்கள். பாட்டு நன்றாகத்தான் போயிருக்க வேண்டும், மேல் குரலை நான் அற்புதராணியின் முகத்தைப் பார்த்தே அறிந்தேன். பிள்ளைகள் முழந்தாளிட்டார்கள். நான் தனியே மெதுவாய் வாசிக்கத் தொடங்கினேன். இடி வரும் என்று உடம்பெல்லாம் முழங்கையாய் இருக்கிறேன். வரவில்லை. இன்னும் வாசிக்கிறேன். வரவில்லை. இவள் நித்திரையோ என்று கடைக்கண்ணால் பார்த்தேன். மக்டலீன் நெற்றி தரையில் தொடக் குனிந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, என்னையும் முழங்கையையும் தான் வந்த வேலையையும் மறந்து ஆராதித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்த உடனே குனிந்திருக்கிறாள். அந்தக் குனிந்த முதுகைக் கண்ட கணமே என் கை கட்டைகளை விட்டு எழும்பிவிட்டது. பிறகு அந்த அமைதி. எல்லோருக்கும் ஒன்றும் கேட்காத நேரம் அது ஒன்றுதான் பெர்னடெட். அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குக் கேட்டதிலும் எனக்குக் கேட்டது குறைவில்லை. இவ்வளவு கிழமையாய்ப் பூசையில் இருந்தும் அதை வாசித்து வாசித்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பூசை முடிந்ததும் மக்டலீன் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ திரேசு, இடிக்க மறந்துபோனன்" என்றாள். நான் பதில் சொல்வதற்கு முன் சுவாமி எங்களிடம் வந்தார். மூப்பரும் பாட்டுக்காரப் பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள். அவர் தம்முடைய தமிழில் மெல்ல மெல்லச் சொற்களைப் பொறுக்கி, அம்மா, இன்று எழுந்தேற்றத்துக்கு ஏன் வாசிக்கவில்லை, அந்த நேரத்தில் வாசிப்பது யாழ்ப்பாணத்து வழக்கம், மிக அழகு என்று நான் என் தாய்க்கு எழுதியிருக்கிறேனே என்றார். மகளே, எனக்கு முன்னால் ஒரு வாசல் திறந்ததைப் பார்த்தாயா? ஓம் சுவாமி, வழக்கம்தான், இன்று மறந்துபோனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆர்மோனியம் என்னோடு இருக்கும், என் பேரும் இருக்கும், மணியும் தேவையில்லை, சாகும்வரை எழுந்தேற்றத்தின் மேல் வாசித்துக்கொண்டிருக்கலாம், யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய வழக்கமும் உண்டாகியிருக்கும். மூப்பர்கூட அந்த வாசலைக் கண்டுகொண்டு, நான் சொல்லப்போவதற்கு ஆயத்தமாய்த் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். மக்டலீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன், அது வழக்கம் இல்லை சுவாமி, அது என் பிழை, எனக்குக் காது கேட்கவில்லை, மணி அடித்தது எனக்குத் தெரியாது என்று. எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். சுவாமி, அப்படியானால் என் பிரசங்கத்தில் உள்ள தமிழ்ப் பிழைகளும் அம்மாவுக்குக் கேட்கவில்லை, எனக்கு அது ஆறுதல் என்றார். அவை எல்லாம் கேட்கின்றன சுவாமி என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அற்புதராணி மட்டும் அழுதுகொண்டு என் கையைப் பிடித்தாள். வருகிற செபமாலை மாதம் தொடங்கி அவள்தான் வாசிப்பாள். நான் பக்கத்தில் இருந்து விரலைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பேன், விரலில் பிழை இருந்தால் அதற்குக் காது தேவையில்லை. மக்டலீன் இனித் தன் பழைய இடத்துக்குப் போகிறேன் என்றாள், போக வேண்டாம் என்றேன்.

டொக்குத்தரிடமும் போனேன். வயதுக்கு வருவதுதான், மருந்து இல்லை, மெல்லிய குரல்கள் முதலில் போகும், மற்றவை ஆறுதலாய், மெல்ல மெல்லப் போகும், எவ்வளவு காலம் எடுக்கும் என்று சொல்ல முடியாது, வலது காது மட்டும் இடதிலும் கொஞ்சம் நல்லது என்றார். இதுதான் மேலே சொன்ன குறை. நீ அழாதே, நான் அழவில்லை. லீவு எடுப்பதா பொறுப்பதா என்பதற்கு ஆண்டவர் உனக்கு என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது, என் காதில் வந்த குறையை அவருடைய பதில் என்று நினைத்துக்கொள்ளாதே. மருமகனோடு இருந்து கதை. அங்கே உன் முகத்துக்கு நேரே கசப்பானதைச் சொல்லக்கூடிய ஒருத்தி இருந்தால் அவளிடமும் கேள். அவள் சொல்வது பிடிக்கவில்லை என்றால், கோப்பியை ஆற விடாமல் இன்னும் ஒருமுறை கேள். ஆனால் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய் சொன்னதற்குச் சமம். உன் கடிதத்தின் ஓரத்தில் லூர்து இப்போது நாள் முழுவதும் பாடித் திரிகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வயதுப் பிள்ளையின் குரல் எவ்வளவு மெல்லியது என்பது உன்னைப் பாடப் பழக்கிய எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும் என்று நினைக்கிறேன், இன்னும் சில வருடத்தில் கேட்காது. நீ கப்பலேறிய நாள் தொட்டு உங்களை வாருங்கள் என்று நான் ஒருமுறையும் எழுதியதில்லை, எழுதாமல் இருப்பதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். வாருங்கள். பிள்ளை எனக்குப் பக்கத்தில், வலது பக்கத்தில் நின்று பாடட்டும்.

ஆண்டவரும் பரலோக மாதாவும் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காப்பார்களாக. மருமகனுக்கு என் ஆசீர், லூர்துவுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தம் கொடு. நித்திரைக்கு முன் செபம் சொல்ல மறக்க விடாதே, கற்பூரவள்ளியையும் மறக்காதே, பதிலை நிமிர்ந்த எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைக்கும் அம்மா,
அ. திரேசம்மா